ஐந்து நாக்கும் ஒரு கோப்பும்

ரங்கமன்னாருக்கு நாக்கு செத்துப்போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒரு மழைக்காலக் காய்ச்சலோடு போன ருசி, காய்ச்சல் விட்ட பிறகும் திரும்பி வரவில்லை. உப்பே போடாத உப்புமாவை ஒரு வார்த்தை பேசாமல் தின்று முடித்துத் தட்டையும் கழுவி வைத்த அன்று மனைவி வேதாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. வேறு யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. அவர் குடும்பம் நடந்துகொண்டிருந்ததே அந்த நாக்கை நம்பித்தான்.

பாடகரோ, வக்கீலோ என்று நினைத்துவிட வேண்டாம். மதுரையில் 'வைகை நீர்வலை' என்ற கூட்டு நிறுவனத்தில் அவர் சர்வர் நிர்வாகி. பதினோரு ஊருக்குக் குடிதண்ணீர் அனுப்பும் மோட்டார்களையும் வால்வுகளையும் நூற்று நாற்பது சர்வர்கள் இயக்கிக்கொண்டிருந்தன. அவற்றில் எதற்காவது உடம்பு சரியில்லை என்றால் உடனே கவனிக்க ஐந்து பேர். முன்பெல்லாம் திரையில் சிவப்பு விளக்கு எரியும், சைரன் கத்தும். எரிந்து எரிந்து விளக்கை யாரும் பார்ப்பதில்லை, கத்திக் கத்திச் சைரன் யார் காதிலும் விழுவதில்லை என்று ஆனபோதுதான் வில்லை வந்தது.

அதை விற்க வந்தவர் ஒரே வாக்கியத்தில் காரியத்தை முடித்துவிட்டுப் போனார். "கண்ண மூடிக்கலாம், காதப் பொத்திக்கலாம். நாக்க எங்க சார் கொண்டுபோய் வைப்பீங்க?"

அரிசி அளவு வில்லை. கடைவாய்ப் பல்லில் ஒட்டிக்கொண்டால் போதும். எங்கோ ஒரு சர்வர் முனகினால் அது நாக்கு நரம்பைச் சீண்டி ஒரு ருசியைக் காட்டும். மூன்று நொடி காட்டும், ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி காட்டும், கோளாறு சரியாகும்வரை விடாது. எந்தக் கோளாறுக்கு என்ன ருசி என்பது அவரவர் கோப்பில் அவரவர் எழுதிக்கொள்வது. டிஸ்க் நிரம்பினால் காஜா முகைதீனுக்கு இஞ்சிச் சாறு, தெய்வானைக்கு வேப்பங்கொழுந்து. கோயம்புத்தூர் நஞ்சப்பன் எல்லாவற்றையும் உப்பின் அளவிலேயே வைத்துக்கொண்டு சமாளித்தார்.

ரங்கமன்னாரின் கோப்பில் ருசி என்பதே கிடையாது. வில்லையைச் சோதித்துப் பார்ப்பதற்கென்று அதில் 'குளிர்' என்று ஒரு வசதி இருந்தது. ருசி செத்த நாக்குக்கும் சில்லிப்பு தெரியும் என்பதை அவர் ஒரு ஐஸ்கட்டியின் புண்ணியத்தில் கண்டுபிடித்திருந்தார். ஒருமுறை சில்லிட்டால் டிஸ்க், இரண்டு முறை என்றால் சூடு, மூன்று முறை என்றால் தொடர்பு அறுந்தது. அடுத்தவன் கோப்பை எட்டிப் பார்க்கும் வழக்கம் அந்த அலுவலகத்தில் இல்லாததால் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

புதிதாகத் தலைமைப் பொறுப்புக்கு வந்த மீனலோசனி எட்டிப் பார்க்கிற ரகம்.

"போன மாசம் தெய்வானை லீவுல போனா. அவ கோப்ப வெச்சு அவ வேலைய நஞ்சப்பன் சார் பார்த்தார்," என்று அவர் முதல் கூட்டத்திலேயே ஆரம்பித்தார். "சர்வர் சூடாகி அணையப்போற நேரத்துல அவர் என்ன பண்ணிட்டிருந்தார் தெரியுமா?"

"டிஸ்க்கக் கழுவிட்டிருந்தேனுங்க," என்றார் நஞ்சப்பன் அடக்கமாக. "அந்தப் பொண்ணு எழுபதுல எச்சரிக்கை வெச்சிருக்குது, நான் தொண்ணூறுல வெச்சிருக்கறேன். அவியளுக்குக் காரம்னா சூடு, எனக்குக் காரமே கெடையாது. எதுன்னு கண்டுபிடிக்கறது, சொல்லுங்."

"அதான் சொல்றேன். இனிமே அஞ்சு கோப்பு கிடையாது. மையத்துல ஒரே கோப்பு. எந்த அளவுல எச்சரிக்கை, என்ன ருசி, எல்லாம் அதுல. மணிக்கு ஒருதரம் அது எல்லார் வில்லையிலயும் தானா இறங்கும். நீங்களா உங்க வில்லையில எதையாவது மாத்தி வெச்சாலும் அடுத்த மணிக்கு அழிஞ்சுடும். யார் எங்க இருந்தாலும் ஒரே கோளாறு, ஒரே ருசி."

"விதிவிலக்கு?" என்று காஜா கேட்டார்.

"கிடையாது. ஒண்ணு குடுத்தா அஞ்சாயிடும். அப்புறம் எதுக்கு ஒரே கோப்பு?"

சொன்னதில் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. அதுதான் ரங்கமன்னாருக்கு எரிச்சலாக இருந்தது. போதாததற்கு அந்தக் கோப்பின் ஒன்பதாம் விதியை மீனலோசனி உரக்கப் படித்தார். நாக்கு தவறியவர், அதாவது எச்சரிக்கை ருசியைக் கோட்டை விட்டவர், கண்காணிப்பில் இருக்கலாகாது, மீட்டர் கிடங்குக்கு மாற்றப்படுவார். மீட்டர் கிடங்கு என்பது ஊருக்கு வெளியே துருப்பிடித்த தண்ணீர் மீட்டர்களும் புறாக்களும் குடியிருக்கும் கொட்டகை. அங்கே போனவர் யாரும் திரும்பி வந்ததாகத் தகவல் இல்லை. ரங்கமன்னாருக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. கரைந்தது வயிற்றில் மட்டும்தான்.

அவருக்குக் கிடங்கைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. இருபத்திரண்டு வருடமாக இந்த நாலு மேசைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, சண்டை போட்டு, ஒருவர் டப்பாவை இன்னொருவர் திறந்து தின்று, அவர் மனிதராக இருந்தது இங்கேதான். இதைவிட்டு எழுந்து போனால் தான் என்ன ஆவோம் என்று அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

எந்தக் கோளாறுக்கு எந்த ருசி என்று தீர்மானிக்க ஒரு குழு போட்டார்கள். தலைவர் யார் என்பதில் ஒருமித்த கருத்து. "மன்னார் அண்ணந்தான்," என்றார் காஜா. "இத்தனை வருஷத்துல வில்லை காட்டுற எந்த ருசியப் பத்தியும் ஒரு குறை சொல்லாத ஒரே ஆளு."

ஆகவே நாக்கு செத்த மனிதர் சுவைக் குழுவின் தலைவரானார்.

மூன்று வாரம் அடிதடி. தொடர்பு அறுவதுதான் ஆபத்திலெல்லாம் பெரிய ஆபத்து, அதற்குக் கசப்பு வைக்கலாம் என்றாள் தெய்வானை. கூடாது என்றார் நஞ்சப்பன், அவருக்குப் பாகற்காய் என்றால் உயிர். தொடர்பு அறும்போதெல்லாம் வாயில் பாகற்காய் வந்தால் சந்தோஷமாக உட்கார்ந்திருப்பேனே ஒழிய எழுந்திருக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தார். ரங்கமன்னார் எல்லா மாதிரி ருசிகளையும் நாக்கில் வாங்கிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்து, அரை நொடி தாமதித்துத் தீர்ப்புச் சொன்னார். அந்த அரை நொடிக்கு நிதானம் என்று பெயர் வாங்கினார். கடைசியில் டிஸ்க்குக்குக் கசப்பு, சூட்டுக்குக் காரம், தொடர்பு அறுவதற்குப் புளிப்பு என்று முடிவாயிற்று. புளிப்பைப் பொறுத்துக்கொள்ளும் முகம் உலகத்திலேயே இல்லை என்பது அவர் தந்த காரணம். பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதால் அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

மையக் கோப்பு இறங்கிய முதல் நாள், அவர் தன் வில்லையில் மட்டும் குளிரைத் திருப்பி எழுதினார். மணி அடித்ததும் அழிந்தது. மறுபடி எழுதினார், அடுத்த மணிக்கு மறுபடி அழிந்தது. இப்படி ஒரு நாளைக்கு எட்டு முறை எழுதி எட்டு முறை பறிகொடுத்தார். மூன்றாம் நாள் மீனலோசனி, "யாரோ வில்லையில கை வைக்கிறாங்க," என்று சொல்லிப் பூட்டே போட்டுவிட்டார்.

அதன்பிறகு ரங்கமன்னாருக்கு இருந்தது முகங்கள் மட்டும். வேலை எப்போதும் இருவர் இருவராகத்தான். கூட இருக்கிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் போதும். காரம் வந்தால் காஜா பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சுவார். கசப்பு வந்தால் தெய்வானை மூக்கைச் சுருக்குவாள், நஞ்சப்பன் மெல்லச் சிரிப்பார். புளிப்புக்கு மட்டும் எல்லாரும் ஒரே ஜாதி. இடது கண் சுருங்கும், தாடை ஒரு பக்கம் இழுக்கும், தோள் ஒருமுறை குலுங்கி அடங்கும். ரங்கமன்னாரும் அரை நொடி பிந்தித் தோளைக் குலுக்குவார். இரண்டு மாதம் இப்படியே ஓடியது.

பிறகு தெய்வானைக்குத் திருப்பரங்குன்றத்தில் கல்யாணம் வந்தது.

"எல்லாரும் போவோம்," என்று மீனலோசனி தாராளமாகச் சொன்னார். "ஆபீஸ்ல யாரும் உட்கார வேணாம். அஞ்சு நாக்குலயும் ஒரே கோப்பு இருக்கு. அஞ்சும் ஒரே நேரத்துல கோட்ட விடுமா?"

முகூர்த்தம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. காஜாவும் நஞ்சப்பனும் மீனலோசனியும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ரங்கமன்னார் எதிர் வரிசையில், வேண்டுமென்றே. முகம் தெரிய வேண்டும் அல்லவா? இலையில் விழுந்ததையெல்லாம் பஞ்சைத் தின்பதுபோலத் தின்றுகொண்டு, எதிரே மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். காஜா ரசத்தில் இருந்தார். நஞ்சப்பன் முந்திக்கொண்டு பாயசத்துக்குப் போய்விட்டார். மீனலோசனி மோர்ச் சோற்றில்.

காஜாவின் இடது கண் சுருங்கியது.

"ரசம்னா இது ரசம்," என்றார் காஜா, தோளைக் குலுக்கிவிட்டு.

ரங்கமன்னார் பழக்க தோஷத்தில் தன் தோளையும் குலுக்கினார். அப்போதுதான் பார்த்தார், நஞ்சப்பனின் தாடையும் இழுத்திருந்தது. பாயசத்துக்கு எதற்குத் தாடை இழுக்கிறது? மீனலோசனி மோரை ஒரு பார்வை பார்த்துவிட்டு இலையின் ஓரத்துக்குத் தள்ளினார். மூன்றும் ஒரே நொடியில் நடந்தது.

ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். ரங்கமன்னார் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். ஒரு நிமிடம் கழித்து மறுபடி மூன்று கண் சுருங்கின, மூன்று தோள் குலுங்கின.

அவர் எச்சில் கையோடு எழுந்து மேடையைப் பார்த்தார். மாலையும் கழுத்துமாகத் தெய்வானை படத்துக்கு நின்றுகொண்டிருந்தாள். போட்டோகிராபர் அலுத்துக்கொண்டிருந்தார். "பொண்ணு, மூஞ்சிய அப்பிடிச் சுளிக்காதம்மா. இதோட மூணு படம் வேஸ்ட்டு."

ரங்கமன்னார் பந்தியைத் தாண்டி, பாய்களைத் தாண்டி, மாப்பிள்ளையின் அத்தையைக் கிட்டத்தட்டத் தள்ளிவிட்டு மேடையில் ஏறினார்.

"தெய்வானை, வாயில என்ன வெச்சிருக்க?"

"ஒண்ணுமில்ல சார். காலையில இருந்து பச்சத்தண்ணி கூடக் குடிக்கல."

"புளிக்குதா?"

"ஆமா சார். பசிக்குப் புளிச்ச ஏப்பம்..." என்று சொல்லிக்கொண்டிருந்தவளின் முகம் மாறியது. "அய்யோ சார்."

அதற்குள் அவர் செல்லில் பார்த்துவிட்டார். மணிமேட்டுப்பட்டி நீரேற்று நிலையத்தோடு தொடர்பு அறுந்து மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஊர் முனையில் வால்வு மூடியிருக்கிறது, மோட்டாரை நிறுத்தச் சொல்ல வேண்டிய சர்வரின் குரல் அங்கே எட்டவில்லை, மோட்டார் பாட்டுக்கு மூடிய குழாய்க்குள் தண்ணீரை முட்டித் தள்ளிக்கொண்டிருக்கிறது. அந்தக் குழாய் போவது சந்தைத் திடலுக்கு அடியில். அன்றைக்குச் சந்தை.

"பேச்சிமுத்துக்குப் போன் போடுங்க," என்று மேடையிலிருந்தே கத்தினார்.

கல்யாண மண்டபம் திரும்பிப் பார்த்தது. பேச்சிமுத்து யார் என்று மாப்பிள்ளை மிரண்டார். மீனலோசனி இடது கையால் செல்லை எடுத்து அழைத்தார், வலது கையில் மோர்ச் சோறு வழிந்தது. நீரேற்று நிலையக் காவலர் பேச்சிமுத்து நாலாவது மணியில் எடுத்து, "சாப்புட்டுட்டு இருக்கேன் மேடம்," என்றார்.

"நாங்களும்தான். எழுந்திரிச்சு மோட்டார அணைங்க."

"முள்ளு செவப்புல நிக்குதே மேடம். எப்பலேருந்து நிக்குதுன்னு..."

"அணைச்சுட்டுப் பேசுங்க."

செல்லில் செருப்புச் சத்தம் ஓடியது, ஒரு கைப்பிடி டடக்கென்று இறங்கியது, பெரிய இரைச்சல் ஒன்று மெல்ல மெல்லத் தேய்ந்து நின்றது. நஞ்சப்பன், "பாயசத்து மேல பழி போட்டுட்டேனுங்க," என்றார்.

திங்கட்கிழமை விசாரணை. புதுப்பெண்ணும் வந்திருந்தாள், வராமல் இருக்க அவளுக்கு மனசில்லை.

"நாலு பேருக்கும் எச்சரிக்கை வந்திருக்கு," என்றார் மீனலோசனி. குரலில் அதிகாரம் பாதி குறைந்திருந்தது. "நாலு பேரும் இலையில இருந்தத நெனச்சோம், பசிய நெனச்சோம். ஒருத்தர்கூட வில்லைய நெனைக்கல. புளிப்ப வெச்சோமே, பந்தியில உட்காருவோம்னு யோசிக்கல. சரி. மன்னார் சார், நீங்களும் சாப்பிட்டுட்டுத்தான் இருந்தீங்க. உங்களுக்கு மட்டும் அது ரசம் இல்லன்னு எப்படித் தெரிஞ்சது?"

ஒரு பொய் சொல்லலாம். நல்ல பொய்யாக நாலைந்து அவர் கைவசம் இருந்தன. ஆனால் மூன்று வருடமாக முகத்தைத் தூக்கிச் சுமந்து அவருக்குக் களைத்துப் போயிருந்தது.

"எனக்கு ரசமும் தெரியாது, புளிப்பும் தெரியாது," என்றார். "நாக்கு செத்து மூணு வருஷமாச்சு. முன்னால வில்லையில குளிர வெச்சு ஓட்டினேன், இந்த ரெண்டு மாசமா உங்க மூஞ்சியப் பார்த்துத்தான் வேலை செஞ்சுட்டிருக்கேன். மூணு இலையில மூணு பதார்த்தம், மேடையில வெறும் வாய், நாலு மூஞ்சியும் ஒண்ணு. அதான்."

அவர் மேசைமேல் தன் அடையாள அட்டையைக் கழற்றி வைத்தார். புறாக்களை இப்போதே பார்ப்பதுபோல் இருந்தது.

முதலில் பேசியவர் காஜா. "இருங்கண்ணே. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எங்க வீட்டு பிரியாணியத் தின்னுட்டு, 'உப்பு கொஞ்சம் கம்மி'ன்னு சொல்வீங்களே. மூணு வருஷமா."

"ஏதாவது ஒண்ணு சொல்லணுமேன்னு..."

"நீங்க சொல்லச் சொல்ல ஜொஹரா வாராவாரம் உப்பக் கூட்டிக்கிட்டே போறாண்ணே. போன மாசம் டாக்டர் எனக்குப் பிரஷர் மாத்திரை எழுதிட்டாரு."

தெய்வானைதான் முதலில் சிரித்தாள். அடக்கப் பார்த்து அவளால் முடியவில்லை. நஞ்சப்பன் சிரித்தார், பிறகு காஜாவே சிரித்தார். ரங்கமன்னாருக்குச் சிரிப்பு வரவில்லை. கண் கலங்கியது, அதற்கு யார் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

மீனலோசனி மையக் கோப்பைத் திறந்தார். ஒன்பதாம் விதியை ஒருமுறை படித்தார், அதை எழுதியவரே அவர்தான். "நாக்கு தவறியவர்னு எழுதினேன். சனிக்கிழமை நாக்கு தவறுனவங்க நாலு பேர். நாலு பேரையும் கிடங்குக்கு அனுப்பிட்டு நீங்க ஒருத்தரே இங்க உட்காருவீங்களா?" என்று கேட்டுக்கொண்டே அந்த விதியை அழித்தார். பிறகு கோப்பின் அடியில் ஒரு வரி சேர்த்தார். எல்லாருக்கும் மேற்கண்ட சுவைகள். ரங்கமன்னாருக்கு மட்டும் குளிர்.

அடையாள அட்டையை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார்.

ஒன்று கொடுத்தால் ஐந்தாகும் என்று அவர் முன்பு சொன்னது அந்த வாரத்திலேயே பலித்தது. செவ்வாயன்று நஞ்சப்பன் உப்புக்கு மனு கொடுத்தார். புதன்கிழமை காஜா இஞ்சி கேட்டார். தெய்வானைக்குக் காரமே ஆகாமல் போயிற்று, புகுந்த வீட்டில் எல்லாவற்றிலும் காரமாம். வெள்ளிக்கிழமை காலையில் மையக் கோப்பின் அடிப்பகுதி மேல் பகுதியைவிட நீளமாக இருந்தது. பழைய ஐந்து கோப்புகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி வைத்ததுபோல்தான் அது இருந்தது. ஆனாலும் ஒரே கோப்பு, அதைப் பற்றி யாரும் மீனலோசனியிடம் வாதாடவில்லை. புளிப்பு மட்டும் மிஞ்சியது. தொடர்பு அறுவதற்கு வேறெதுவும் அவ்வளவு உறைக்காது என்று மற்ற நாலு பேரும் அதைத் தொடாமல் விட்டுவைத்தார்கள்.

அன்று மதியம் காஜா இரண்டு டப்பாவோடு ஒரு பிளாஸ்கும் கொண்டுவந்தார்.

"ஜொஹரா குடுத்துவிட்டா. அண்ணனுக்கு ருசி தெரியாதாமே, ஜில்லிப்பு தெரியுமாமே, அப்ப இது தெரியும்ல அப்பிடின்னா."

நன்னாரி சர்பத். பிளாஸ்க் நிறைய ஐஸ் சலசலத்தது. ரங்கமன்னார் டம்ளரில் ஊற்றி ஒரு மடக்குக் குடித்தார். நாக்கில் சில்லென்று இறங்கியது, மறுபடி சில்லென்றது, இன்னும் ஒருமுறை சில்லென்றது. சில்லிட்ட ஒவ்வொரு முறையும் தோள் தானாகக் குலுங்கியது. யாரையும் பார்த்துச் செய்ததல்ல, அவருடைய சொந்தக் குலுக்கல். இதற்காகவே இன்னொரு காய்ச்சல் வரலாம் போலிருந்தது.

"எப்பிடிண்ணே?"

"இந்த மூணு வருஷத்துல உங்க வீட்டுலேர்ந்து வந்ததுல இதுதான் முதல் தரமா எனக்குத் தெரிஞ்சது. ஜொஹராகிட்டச் சொல்லுங்க," என்று நிமிர்ந்தவர், காஜாவின் முகத்தைப் பார்த்தார். இடது கண் சுருங்கியிருந்தது.

"பச்சடித் தயிரு புளிச்சுப்போச்சுபோல," என்றார் காஜா, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு. "அது கெடக்கட்டும், நீங்க என்னண்ணே மூணு தடவ குலுங்குறீங்க? ஒரு மடக்குத்தான குடிச்சீங்க?"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு நொடிகூட இருக்காது. அடுத்த கணம் நாற்காலிகள் இரண்டும் ஒன்றாகப் பின்னால் தள்ளப்பட்டன. காஜா செல்லில் பேச்சிமுத்துவைத் தேடிக்கொண்டே திரைக்கு ஓடினார். பின்னாலேயே ரங்கமன்னாரும் ஓடினார், சர்பத் டம்ளரை மட்டும் கையோடு எடுத்துக்கொண்டு.